மஞ்சக் குழா

அய்யோ வேணாம் பாஸ், அந்தக் கண்ணாடி அலமாரிய தெறக்காதீங்க. அதப் பாத்தா எனக்கு ஆச வந்துரும், ஆச வந்தா புத்தி போயிரும். ஏற்கனவே ஒருதரம் போனதுதான். கடலுக்கடியில மூச்சு விட சாதாரண ரெகுலேட்டரா ஒண்ணு காட்டுங்க, போதும். வருசத்துக்கு ரெண்டுதரம் டைவ் போற ஆளு நான். மிச்ச நாளெல்லாம் கிள்ளான் பக்கம் மேருல கையுறை ஃபேக்டரில ஸ்டோர்கீப்பரு. சனிக்கெழம தியோமான் தீவுக்குப் போறோம், அதுக்குள்ள வேணும். இந்தவாட்டி நான் மட்டும் இல்ல, ரமணியும் வருது. என் கூட்டாளி ரெங்கசாமியோட பொண்ணு. கிள்ளான்ல அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. அதுக்கு இதுதான் மொத கடல். தண்ணிக்குள்ள நாந்தான் அதுக்குச் சோடி.

பழசா? இருக்கே. அது ஒரு பெரிய கூத்து லா. தொண்ணூத்தொண்ணுல சிங்கப்பூர் போனப்ப வாங்கினது. சேல்ஸ்மேன் சொன்னான், எவ்வளவு குளிரு தண்ணில எறங்கினாலும் இதுக்குள்ள ஐஸ் கட்டாது சார்னு. நானும் வட துருவத்துக்கு டிக்கெட் போட்டவனாட்டம் தலைய ஆட்டி வாங்கிட்டேன். தியோமான்ல நான் ஐஸ பாத்த ஒரே எடம் ஐஸ் கச்சாங் கிண்ணம்தான்.

வீட்டுக்கு வந்ததும் இராஜம்மா, அதான் என் சம்சாரம், தூக்கிப் பாத்துட்டு என்னங்க இது இந்தக் கனம் கனக்குதுன்னா. சிலிண்டர்ல இருக்கற காத்த வாய்க்குக் குடுக்கற சாமான்னேன். மூக்கு சும்மாத்தானே குடுக்குதுன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

அத்தோட முடிஞ்சுச்சா? தியோமான் போயி போட்ல உக்காந்து மாட்டப் பாத்தா, மாட்ட முடியல. என்னோடது திருகி மாட்டுறது, அங்க இருந்த சிலிண்டர் எல்லாம் கவ்வி மாட்டுறது. எல்லாரும் தண்ணிக்குள்ள போயிட்டாங்க. நான் போட்ல உக்காந்து அவங்க செருப்புக்குக் காவல். அப்புறம் இணைக்கிறதுக்கு ஒரு துண்டு வாங்கினேன், அதுல இன்னும் கனம் ஏறிருச்சு.

அதான் சொல்றேன், கவ்வி மாட்டுற மாடல் குடுங்க. எந்தத் தீவுல போயி எறங்கினாலும் மாட்டணும். லேசா இருக்கணும். உள்ள ரொம்ப வேல இல்லாம, எவன் வேணாலும் கழட்டி சர்வீஸ் பண்ற மாதிரி. எப்பவாவது போறவனுக்கு அதுக்கு மேல எதுக்கு? நீங்களும் அதயேதான் சொல்றீங்களா? பாருங்க, ரெண்டு வருசத்துல எனக்கும் கொஞ்சம் மூள வளந்துருக்கு.

ஆங், இது நல்லாருக்கு. கைக்கு அடக்கமா இருக்கு. ஆனா இந்த ரெண்டாவது வாய், கூட வர்றவங்களுக்குக் காத்து தீந்தா குடுக்கறதுக்கு இருக்கே மஞ்சக் குழா, இது பத்தாது. இன்னும் நீளமா வேணும். தெரியும் பாஸ், எல்லாரும் இந்த அளவுதான் வச்சிருக்காங்க. எனக்கு நீளமா வேணும்.

பழசுலயே ஒரு குழா மாட்டிக்கலாம்தான். ஆனா அத வாயில வச்சாலே நார்த்தங்கா ஊறுகா வாட வருது. சிரிக்காதீங்க, சொல்றேன். போன வருசம் சுபாங்லேருந்து அந்தக் குட்டி பிளேன்ல போனோம், ஆளுக்குப் பத்து கிலோதான். வீட்டுத் தராசுல பைய வச்சுப் பாத்தா கொஞ்சம் கூட இருக்கு. இராஜம்மா போட்ட ஊறுகா ஒரு போத்தல் உள்ள இருக்கு. ரெங்காவுக்குத் தீவுச் சாப்பாடு எறங்காது, ஊறுகா இல்லன்னா மூஞ்சத் தூக்கி வச்சுக்குவான். சரி, ஊறுகாயா மஞ்சக் குழாயான்னு யோசிச்சேன். இது வரைக்கும் எவன் வந்து எங்கிட்ட காத்து கேட்டான்? குழாய கழட்டிட்டு ஓட்டைய அடச்சுட்டேன்.

தியோமான்ல அந்த டைவ் மாஸ்டர் பையன் பாத்துட்டு, இன்னொண்ண காணமேன்னு கேட்டான். தீடாக் அப்பா, அதெல்லாம் பரவால்லன்னு பெரிய கப்பல் கேப்டனாட்டம் மலாய்ல சொன்னேன். அதுக்குள்ள போட் எஞ்சின் பழுதாயி, அதப் பாக்க அவன் அந்தப் பக்கம் ஓடிட்டான்.

அன்னிக்குன்னு பாத்து ரெங்கா ஒரு ஆமைய பாத்துட்டான். பின்னாலயே போறான், காத்து மீட்டர பாக்கவே இல்ல. திடீர்னு காத்து தீந்து திரும்பி எங்கிட்ட வரான், கண்ணு இவ்வளவு பெருசா. என் நெஞ்சுல மஞ்சக் குழாயத் தேடுறான். அது கிள்ளான்ல, அலமாரிக்கு மேல இருக்கு.

ஒரே வாய மாத்தி மாத்தி வச்சு மேல வந்துட்டோம். ஒண்ணும் ஆவல. ஆனா அன்னிலேருந்து நான் பெரிய ஹீரோ. கல்யாண வீடு, காப்பிக் கட, எங்க பாத்தாலும் அவன் பேச்சு அதான். பதினஞ்சு மீட்டர் ஆழத்துல பாலன் கொஞ்சம்கூட பதறலடா, கைய நீட்டி நிதானமா இருன்னு எனக்கு சைக காட்டினான்டான்னு. அவன் சம்சாரம் என்ன பாத்து கையெடுத்துக் கும்புடுது பாஸ். நானும் இளிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

சைகயெல்லாம் இல்ல. மொதத் தடவ அவன் கை என் வாய்கிட்ட வந்தப்ப தட்டிவிட்டேன். ரெண்டாவது தடவ நெஞ்சப் புடிச்சுத் தள்ளினேன். எங்கிட்ட இருந்தது ஒண்ணுதானே. மூணாவது தடவதான் குடுத்தேன், அதுவும் எப்படிக் குடுத்தேன்னு இன்னும் தெரியல. இத இராஜம்மாகிட்டகூட சொல்லல. வெக்கமா இருக்கு.

ரெங்காவுக்குக் காதுல ஆபரேசன், டாக்டர் தண்ணிக்குப் போவக்கூடாதுன்னுட்டாரு. அதான் பொண்ண எங்கூட அனுப்புறான். நேத்து ரமணி வந்து, எது நடந்தாலும் பாலன் அங்கிள் பக்கத்துலயே இருன்னு அப்பா சொல்லிட்டாரு அங்கிள்னு சிரிக்குது. சரிம்மான்னேன்.

ஸ்டாக்ல இல்லன்னா வெள்ளிக்கெழமைக்குள்ள வரவழைங்க பாஸ். எவ்வளவு நீளம் கெடைக்குதோ அவ்வளவு நீளம். அது அவ கைக்குத் தானா எட்டணும், அவ என் வாய்ப்பக்கம் வர வேண்டியதே இருக்கக்கூடாது. வந்தா நான் என்ன செய்வேன்னு எனக்குத் தெரியும்.