நாளைய காற்றைச் சொன்னவர்

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் எங்கள் தெருநலச் சங்கத் தலைவர், வயதிலும் வாஞ்சையிலும் மூத்தவர், ஐயா ஞானம் அவர்களே. துறைமுகத்தில் பாரம் தூக்கித் தோள் பழுத்த பெரியோர்களே. ஆலையில் இரவு வேலை முடித்தும் உறங்காமல் வந்திருக்கும் உழைக்கும் தோழர்களே. அடுப்பை அணைத்துவிட்டு அரங்கை நிறைத்திருக்கும் அன்னையர்களே. முன்வரிசையில் அமர்ந்து என்னைவிட அதிகமாகப் பேசிக்கொண்டிருக்கும் குழந்தைச் செல்வங்களே. உங்கள் அனைவருக்கும் இந்த நீலமேகத்தின் நெஞ்சார்ந்த வணக்கம்.

காலடிப்பேட்டையில் எத்தனையோ விழா கண்டோம். தேர் கண்டோம், தேர்தல் கண்டோம். தும்மலுக்கும் இருமலுக்கும் ஒரு விழா கண்டதுண்டா? இன்று காண்கிறோம். பின்னால் யாரோ தும்முகிறார்கள். தாராளமாகத் தும்முங்கள் ஐயா, இது உங்களுக்கான மேடைதான்.

இதோ, இன்று நாம் பாராட்டக் கூடியிருப்பதறிந்து தலைகுனிந்து அமர்ந்திருக்கிறாரே நம் தங்கை ரஹீமுன்னிசா, கல்லூரியில் தாவரவியல் நடத்தும் ஆசிரியை, நான்கு ஆண்டுகளுக்கு முன் நம் தெருவுக்குக் குடிவந்தார். வந்தவர் மொட்டை மாடியில் வடகம் காயவைக்கவில்லை. வாஸ்லைன் களிம்பு தடவிய கண்ணாடித் துண்டு ஒன்றைக் காயவைத்தார். காற்றில் பறக்கும் பூந்தாது அதில் ஒட்டும். மறுநாள் அதைக் கல்லூரியில் நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவார். எந்தச் செடி பூத்திருக்கிறது, காற்று எங்கிருந்து வீசுகிறது என்றும் பார்ப்பார். பிறகு சுயம்பு அண்ணாச்சியின் மளிகைக் கடைச் சுவரில் மாட்டிய கரும்பலகையில், மாலை தவறாமல் இரண்டு வரி எழுதுவார். "நாளைக் காலை பூந்தாது மிகுதி. மூச்சிரைப்பு உள்ளவர்கள் ஜன்னலைச் சாத்தி வைக்கவும்."

நாம் என்ன செய்தோம்? சிரித்தோம். நம் ஆட்டோ ஸ்டாண்டின் வியாசர்பாடிச் சிங்கம் செங்குட்டுவன் கேட்டார்: "இன்னா டீச்சர், காத்துக்குமா ஜோசியம்? அப்டியே நாளிக்கி சவாரி கெடைக்குமான்னும் எழுதிட்டுப் போ."

டீச்சர் கோபிக்கவில்லை. "சவாரி எனக்குத் தெரியாதுங்க. காட்டுப்பள்ளிப் பக்கம் சவுக்கு பூத்திருக்கு. வடக்குக் காத்து அடிச்சா அந்தத் தூள் இங்க வரும். அது மட்டும்தான் தெரியும்" என்றார்.

"மூச்சு முட்டுனா பொகைன்னு நென்ச்சிகினு கீறோம். பூவும் முட்டுமா?"

"புகையும் முட்டும், பூவும் முட்டும். புகை கண்ணுக்குத் தெரியுது. பூ தெரியறதில்ல."

தாய்மார்களே, அந்த இரண்டு வரியை எழுத்தெண்ணிப் படித்தவர் ஒருவர் இருந்தார். சுயம்பு அண்ணாச்சியின் துணைவியார் இசக்கியம்மாள். ஆறுமுகநேரியிலிருந்து வாழவந்த அந்த அம்மாவுக்கு ஆண்டுக்கணக்காக இரைப்பு. எந்த நாள் மூச்சு இழுக்கும், எந்த நாள் விடும் என்று தெரியாத அச்சத்தில், எல்லா நாளும் கதவடைத்துக் கிடந்தவர். கோயில் உண்டா? இல்லை. கடற்கரை உண்டா? இல்லை. கல்யாணம் உண்டா? இல்லவே இல்லை. பலகை வந்தது; "குறைவு" என்று எழுதிய நாட்களில் அந்த அம்மா வெளியே வந்தார். மீன் வாங்கினார், பேரம் பேசினார். மீன்காரர்களுக்குத்தான் திண்டாட்டம். சிரிக்கிறீர்கள், எத்தனை பேர் அவரிடம் மாட்டினீர்களோ.

அப்போதுதான் வந்தது அந்த ஐப்பசி. ராயபுரத்தில் இசக்கியம்மாளின் தம்பி மகளுக்குத் திருமணம். மழை வரும், தூள் அடங்கும் என்று கணித்து, "நாளை குறைவு" என்று எழுதினார் ரஹீமுன்னிசா. மழை வரவில்லை. விடியலில் காற்று வடக்கே திரும்பியது. பட்டுடுத்திப் புறப்பட்ட அம்மாவுக்கு, பாதி வழியில் மூச்சு நின்று நின்று வந்தது. செங்குட்டுவன் ஆட்டோவை மண்டபத்துக்கு விடாமல் ஆஸ்பத்திரிக்கு விட்டார். எனக்குப் போன் வந்தது. "பேஜாராயிட்ச்சி அண்ணாத்தே. அக்காவுக்கு மூச்சே வர்ல. டீச்சராண்ட சொல்லாத."

சொல்லாமல் மறையுமா? ரஹீமுன்னிசா ஓடி வந்தார். ஆக்சிஜன் முகமூடிக்குள் கிடந்தவரைக் கதவருகே நின்று பார்த்தார், உள்ளே போகவில்லை. அன்று மாலை பலகையைத் துடைத்தார். மறுநாளும் எழுதவில்லை, அதன் பிறகும் எழுதவில்லை.

நான் போய்க் கேட்டேன். "என் எழுத்த நம்பித்தானே அண்ணே வெளிய வந்தாங்க. தெரியாத விஷயத்த தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்" என்றார். மேடையில் மணிக்கணக்கில் பேசுகிறவன், அன்று ஊமையாகத் திரும்பினேன்.

பேசியவர் யார் தெரியுமா? ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய இசக்கியம்மாள். வாசலில் அண்ணாச்சி தடுக்கத் தடுக்க, நேரே டீச்சர் வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"என்ன டீச்சரம்மா, போர்டை அழிச்சிட்டு ஒளிஞ்சிக்கிட்டியளாமே?"

"உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன் அக்கா?"

"ஆவலியே. ரேடியோவுல மழைங்கான், வெயில் அடிக்கி. அதுக்காவ ரேடியோவத் தூக்கிக் கெணத்துலயா போட்டோம்? ஒரு நாளு நீங்க சொன்னது தப்பிட்டு. மத்த நாளெல்லாம் நான் நடந்தம்லா, அத யாரு குடுத்தா? மருந்தக் கையில எடுக்காமப் போனது என் தப்பு. தப்பிப் போவும்னா, தப்பிப் போவும்னு எழுதுங்க. எழுதாம மட்டும் இருக்காதிய."

டீச்சர் அழுதார். அந்த அம்மா தன் முந்தானையால் துடைத்துவிட்டார். அன்று மாலை பலகையில் இரண்டு வரி இல்லை, மூன்று வரி. மூன்றாவது வரி இது: "இந்தக் கணிப்பு தவறலாம். இன்ஹேலரைக் கையில் வைத்திருங்கள்."

பெரியோர்களே, நாளையைப் பற்றிப் பேசாத மேடை உண்டா? நாளை விடியும் என்பார், நாளை விலை குறையும் என்பார், நாளை வேலை வரும் என்பார். நான் தவறலாம் என்று சொன்னவர் உண்டா? எங்கே சொன்னார், எப்போது சொன்னார்? நம் மளிகைக் கடைச் சுவரில், சுண்ணாம்புக் கட்டியால், இந்தத் தங்கை சொன்னார். சொன்ன பிறகு நம்பிக்கை குறைந்ததா? கூடியது. இன்று திருவொற்றியூரிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் தாய்மார்கள் அண்ணாச்சி கடைக்குப் போன் போட்டுக் கேட்கிறார்கள், "நாளைக்குக் காத்து எப்படி?" என்று. அறிவு அழகு, அறிவோடு சேர்ந்த அடக்கம் அதனினும் அழகு, இரண்டோடும் சேர்ந்த அன்பு அல்லவா நம்மை மூச்சுவிட வைக்கிறது?

அந்த ராயபுரத்து மணமகளுக்கு இப்போது குழந்தை பிறந்திருக்கிறது. போன வாரம் தொட்டில் விழா. காலையில் இசக்கியம்மாள் போய், தாலாட்டுப் பாடி, இரைப்பில்லாமல் திரும்பினார். கூடவே போனவர் ரஹீமுன்னிசா. பெயர் வைக்கும்போது குழந்தையின் காதில் முதலில் பெயர் சொன்னது அவர்தானாம்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். செவிமடுத்த உங்களுக்கும், இசைந்து வந்த தங்கைக்கும், இடம் தந்த சங்கத்துக்கும் என் நன்றி. உங்கள் ஒவ்வொருவர் மூச்சும் இழுப்பின்றி, இடையூறின்றி, இதமாக ஓடட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன். வணக்கம்.