கொதிக்கிற வியாழன்

ஆசிக்: இன்னும் ஆடுதா?

ஆலியா: ஆடுறதா? கொதிக்குது. உலையில போட்ட முட்டை மாதிரி… லேப்டாப்புல நீங்களே பாருங்க.

ஆசிக்: முந்தாநேத்து எம்புட்டு அழகா நின்னுச்சு வியாழன். கோடு கோடா…

ஆலியா: அந்தக் கோட்டுப் பக்கத்துலதான மச்சான் புதுசா வெள்ளப்புள்ளி இருந்துச்சு. அந்த மூஞ்சி இப்பத்தான் மறுபடி நம்ம பக்கம் திரும்புது. இன்னைக்கும் புடிச்சாத்தான் நம்புவாங்க. ஒத்தப் படத்த வச்சுச் சொன்னா, லென்சுல தூசின்னு முடிச்சிருவாங்க.

ஆசிக்: யாரு, ஒன் வாட்சப் குரூப்பா?

ஆலியா: கிண்டலா? வானத்த ஆராயுறவங்களும் அதுல இருக்காங்க. நம்ம படத்த வச்சுத்தான் அவங்க அளக்குறாங்க. தேத்தண்ணிய குடிங்க, ஆறுது. இம்புட்டுப் படி எறங்கிப் போயி எடுத்துட்டு வந்தேன்.

ஆசிக்: ம்… ஏன் புள்ள, ஏலக்கா ஸ்டோருக்கு மேல மாடியில டெலஸ்கோப்ப வச்சிருக்க. கீழ காய் காயுற சூடு ஏறுனா படம் அலையும்னு நீதான சொன்ன? ஒனக்காகத்தான சாயங்காலமே எங் கையால காய் ஒணத்துற அடுப்ப அணைச்சேன். பெறகும் ஏன்…

ஆலியா: தெரியல. செவுத்துச் சூடா இருக்கும்.

ஆசிக்: கீழ போயி ஒரு எட்டு பாத்துட்டு…

ஆலியா: வேணாம்! கேபிள மிதிச்சிருவீங்க.

ஆசிக்: வெரசா வந்துருவேன்.

ஆலியா: இருங்கன்னு சொல்றேன்ல. வீடியோ ஓடுது.

ஆசிக்: …கெடந்து ஆடுறத எடுத்து என்ன செய்ய?

ஆலியா: ஆயிரக்கணக்குல படம் விழும். ஆடாதது கொஞ்சமாச்சும் இருக்கும். நம்ம காய் பொறுக்குற மாதிரி நல்லத மட்டும் பொறுக்கி ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கணும்.

ஆசிக்: பெறகு கம்ப்யூட்டர்ல நல்லாத் தீட்டி விட்டா புள்ளி பளிச்சுன்னு வந்துரும்ல?

ஆலியா: வரும். இல்லாத புள்ளியும் சேந்து வரும். அதுக்கு நான் கையாலயே வரைஞ்சு அனுப்பலாம்.

ஆசிக்: சரி… இன்னும் எம்புட்டு நேரம்?

ஆலியா: எத்தன தரம் கேப்பீங்க? கால்ல வெந்நிய ஊத்துன மாதிரி நிக்கிறீங்க.

ஆசிக்: கீழ லோடு கெடக்குல்ல. அடுப்பு அணைஞ்சு கெடந்தா பச்ச நெறம் போயிரும். பெறகு ஏலத்துல ஒருத்தன் கையில எடுக்க மாட்டான்.

ஆலியா: திருப்பதி அண்ணே லோடுதான? அவருகிட்ட சொல்லிக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க.

ஆசிக்: சொன்னேன்… அவருன்னா சொல்லிக்கலாம்.

ஆலியா: அவருன்னான்னா?

ஆசிக்: ஒண்ணுமில்ல. போடிமெட்டுப் பக்கம் மேகம் ஏறுது பாரு.

ஆலியா: பாத்துட்டேன். அது வந்து மூடுச்சுன்னா இந்த வாரமே வானம் கெடையாது. பயமா இருக்கு மச்சான்…

ஆசிக்: ஒங்கத்தா ஒரு தரம் இதுல கண்ண வச்சுப் பாத்தாருன்னா…

ஆலியா: இப்ப எதுக்கு அவரு பேச்சு? பொம்பளப்புள்ளைக்கு வானத்துல என்ன சோலின்னு பெத்த மககிட்டயே கேட்டுட்டுப் போன மனுசன். அன்னையிலருந்து நம்ம வாசப்படி மிதிச்சாரா? ஒரு போனு?

ஆசிக்: ஆலியா… ஒண்ணு சொன்னா கத்தக் கூடாது.

ஆலியா: வீடியோ முடிஞ்சிருச்சு. சொல்லுங்க.

ஆசிக்: புள்ளி?

ஆலியா: காணோம். எல்லாம் கலங்கிருச்சு. அந்தா, மேகமும் வந்துருச்சு… நீங்க சொல்ல வந்தத சொல்லுங்க.

ஆசிக்: கீழ கெடக்குறது திருப்பதி அண்ணே லோடு இல்ல. ஒங்கத்தாவுது. அவரு ஸ்டோர்ல மிசினு ரிப்பேரு. ஜீப்புல ஏத்தி விட்டு, ‘ஆலியாவுக்குத் தெரிய வேணாம் மாப்ளே’ன்னு… கெஞ்சுனாரு புள்ள. ஒனக்குக் குடுத்த வாக்குக்காக அவரு காயப் போட்டு வச்சுட்டு அடுப்ப அணைச்சிட்டேன். படந்தான் போச்சே, இப்பயாச்சும் போயி மூட்டிரட்டா?

ஆலியா: போக வேணாம். எரியுது.

ஆசிக்: என்ன எரியுது?

ஆலியா: அடுப்புதான். தேத்தண்ணி எடுக்க எறங்குனேன்ல, அப்பவே மூட்டிட்டேன்… எங்கத்தா சாக்குக்குப் போடுற முடிச்சு எனக்குத் தெரியாதா மச்சான்?