கல்யாணக் காரின் கண்ணாடியில் வெந்நீர் ஊற்றியது யார் என்பது பற்றி

என் பெயர் லுவான் தெகுய். வயது ஐம்பத்தெட்டு. ஹெய்லோங்ஜியாங் மாகாணம், ஷுவாங்ஹே ஊர், தானியக் கிடங்குத் தெரு, ஆறாம் எண் வீட்டில் மனைவியுடன் வசித்து வருகிறேன். ஆறாம் வகுப்பு வரை பள்ளியில் படித்தேன், மீதியைச் சாலையில் படித்தேன். முப்பத்தொரு வருடம் சோள லாரி ஓட்டியவன். இப்படி ஆகும் என்று நான் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிட்டேன் என்பதை முதல் வரியாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று என் அண்ணன் மகன் ஜிஷெங்குக்குக் கல்யாணம். மணப்பெண் யிங்மெய்யை அழைத்துக்கொண்டு அவள் அப்பா மோ க்வாங்யி, பனியே விழாத தெற்குச் சீமையிலிருந்து வந்து ஆற்றோர விடுதியில் தங்கியிருந்தார். அவர் எனக்குச் சம்பந்தி முறை. பெண்ணழைக்க ஆறு கார். முன்னால் போன கறுப்புக் கார் பாங் என்பவருடையது, அதை ஓட்டும் கௌரவம் எனக்கு. அதன் முன்கண்ணாடியை உடைத்தது யார் என்று கேட்டு பாங் உங்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருப்பதால் இதைச் சொல்கிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் காரை விடுதி வாசலில் நிறுத்தியதும் நான் பாங்கிடம், "வைப்பரைத் தூக்கி நிறுத்து, கண்ணாடி மேல பழைய கம்பளியைப் போர்த்து. இல்லேன்னா காலையில உளி எடுத்துக்கிட்டுத்தான் வரணும்" என்றேன். அதற்கு அவர், "ஒட்டின சிவப்புக் காகிதமெல்லாம் கசங்கிடும் அண்ணே. இது கல்யாணக் காரா, காய்ச்சக்காரனா, போர்த்திப் படுக்க வைக்க?" என்றார். அதன் பிறகு அவரும் அவர் ஆட்களும் காருக்குள்ளேயே உட்கார்ந்து உறைந்த பேரிக்காய் தின்றுவிட்டு, ஷூவில் இருந்த பனியை மிதியடியில் உருகவிட்டுப் போனார்கள்.

காலை எட்டு ஐம்பதுக்குக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று. என் மூக்குக் கணக்கில் நாற்பது. கண்ணாடியில் வெளியே ஒரு விரல் கனம் பனி, உள்ளேயும் பனி. வெளிப்பனி வானம் கொடுத்தது, உள்பனி பாங்கின் ஆட்கள் விட்ட மூச்சு. இதற்கு மருந்து எனக்குத் தெரியும். இஞ்சினைப் போட்டு, ஹீட்டர் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, உள்காற்றையே சுற்றவிடாமல் வெளிக்காற்றை எடுக்க வைத்துக் கால் மணி காத்திருக்க வேண்டும். ஆனால் கால் மணி இல்லை. எட்டு ஐம்பத்தெட்டுக்குக் கிளம்பினால்தான் ஒன்பது ஐம்பத்தெட்டுக்குள் வீட்டு வாசலைத் தொட முடியும், அதுதான் பார்த்து வைத்த நேரம். அந்தச் சமயத்தில் சம்பந்தி மோ மெல்லிய கோட்டோடு வெளியே வந்து, கையிலிருந்த பிளாஸ்கைத் திறந்து, நான் "ஐயோ சம்பந்தி, வேணாம்!" என்று தெருவே அதிரக் கத்தியும் கேளாமல் வெந்நீரைக் கண்ணாடியில் ஊற்றிவிட்டார். படீரென்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரிசல் ஓடியது. ஊற்றிய நீர் மூச்சு விடுவதற்குள் மறுபடி உறைந்துவிட்டது.

அதன் பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் பின்னால் ஏற, மோ என் பக்கத்தில் உட்கார, கிளம்பினோம். பெண்ணழைத்த கார் வந்த வழியே திரும்பக் கூடாது என்பதால், பாதி தூரத்தில் ஒன்றும் தெரியாமல் போனபோதும் விடுதிக்குத் திரும்பி வேறு கார் மாற்ற வழியில்லை, பின்னால் வந்த ஐந்து காரிலும் ஆள் நிறைந்திருந்தது. ஓரங்கட்டி, பந்தியில் தலைமேசைக்கென்று காரில் வைத்திருந்த அறுபது டிகிரி வீரியச் சோளச் சாராயம் நான்கு பாட்டிலையும் கண்ணாடியில் ஊற்றித் தேய்த்தேன். பனி வெண்ணெயாக உருகியது. கூடவே சிவப்புக் காகிதத்தின் சாயமும் உருக, வைப்பர் அதைக் கண்ணாடி முழுக்க இழுத்துவிட்டது. "சித்தப்பா, யாரையாவது இடிச்சிட்டோமா?" என்று ஜிஷெங் அலறினான்.

அதற்குள் அப்பாவைப் பிரியப் போவதை நினைத்துப் பெண் அழ ஆரம்பித்தாள். ஒவ்வொரு விம்மலுக்கும் உள்கண்ணாடியில் ஒரு சாண் ஆவி படிந்தது. "அம்மாடி, வீடு போய்ச் சேர்ந்து அழு. இப்ப அழுதா ஆத்துக்குள்ளதான் போவோம்" என்றேன். சிரித்துவிட்டாள், அதற்கும் ஆவி படிந்தது. ஈரம் போக இரண்டு பக்கமும் சன்னலை இறக்கினேன். சம்பந்தி தன் கழுத்துத் துண்டை அவிழ்த்து, எனக்கு முன்னால் இருந்த கண்ணாடியை வழி நெடுகத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் காது நாவல்பழ நிறமாகிவிட்டது.

பாலத்தில் உங்கள் காவலர்கள் நிறுத்தினார்கள். சிவந்த கண்ணாடி, சாராய நெடி, சன்னலுக்கு வெளியே என் தலை. மூன்று தரம் ஊதச் சொன்னார்கள், மூன்று தரமும் பூஜ்யம். கருவிக்கே ஆச்சரியம். "கண்ணாடி எப்படிப் போச்சு?" என்று கேட்டபோது, வெந்நீர் ஊற்றியவர் சம்பந்தி என்றேன். "தெக்கத்தி ஆளா? அதானே பார்த்தேன்" என்று எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு காவல் வண்டி முன்னால் வழிகாட்ட, ஒன்பது ஐம்பத்தாறுக்கு வாசலைத் தொட்டோம்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. சம்பந்தியின் வாக்குமூலத்தையும் படித்துக் காட்டினீர்கள். அதில் "வெந்நீரை ஊற்றியது நான்தான், வேறு யாரையும் கேட்க வேண்டாம்" என்று எழுதி, விரல் ரேகையும் வைத்திருக்கிறார். மதிய ரயிலுக்குப் போக வேண்டியவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எனவே ஒன்று சேர்த்துக்கொள்ளவும். வெந்நீர் ஊற்றிய நேரத்தில் சம்பந்தி வெளியிலேயே இல்லை. தோழிகள் ஒளித்து வைத்த பெண்ணின் செருப்பை மாடியில் மாப்பிள்ளையோடு சேர்ந்து தேடிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருட டிரைவர் செய்த காரியம் என்றால் ஊர் சிரிக்குமே என்று அவர் பேரைச் சொல்லிவிட்டேன். அவரை ரயிலுக்கு அனுப்பிவிடுங்கள், ஸ்டேஷனுக்கு நானே கொண்டு விடுகிறேன். நம்பாவிட்டால் உங்கள் மேசை மேல் இருக்கும் அந்த பிளாஸ்கைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் சிவப்புப் பெயின்டில் இருப்பது என் லாரி நம்பர்.

(ஒப்பம்) லுவான் தெகுய்