கவர் பிரிக்காத புரோப்

தாம்பரத்திலிருந்து சேலையூர் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இன்ஜினியரிங் கல்லூரி துறைத்தலைவி ஒருவரும் அவருடைய விரிவுரையாளரும்.

“மேடம், நம்ம லேப் ஆசிலோஸ்கோப், நூறு மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் அலையைச் சரியா காட்டணும், இருபதுலயே அலை பாதியா சுருங்கிடுது.”

“நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் சார்! ஸ்கோப் போச்சா?”

“ஸ்கோப் நல்லாருக்கு மேடம். சிக்னலைத் தொட்டு எடுக்கற புரோப்பைக் கழட்டிட்டு, கேபிள்ல நேரா சிக்னல் குடுத்தேன், நூறு வரைக்கும் நிக்குது. புரோப்தான் போச்சு.”

“புது புரோப் வாங்கினோமே?”

“உங்க பீரோவுல இருக்கு. இன்ஸ்பெக்‌ஷனுக்குப் புதுசா தெரியணும், கவர் பிரிக்காதீங்கன்னு சொன்னீங்க.”

“ஆமா, பிரிக்கக் கூடாது.”

“அப்ப நாளைக்கு எதை வெச்சு அளந்து காட்டறது?”

கேம்ப் ரோடு நெரிசலில் பஸ் நின்றது. துறைத்தலைவி யோசித்தார்.

“ஸ்கோப்பையும் கவர் போட்டு மூடிடுங்க சார். பிரிச்சாத்தானே அளக்கச் சொல்வாங்க!”