ஆடி முடியட்டும்

நான் எதற்கும் தாமதமாகப் போகிற ஆள் இல்லை. பொன்னேரி கோர்ட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வராந்தாவைப் பெருக்கி முடிப்பதற்குள் போய் நிற்பேன். கல்யாண வீட்டில் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுவேன் என்பதால் என் மனைவி என்னோடு வர வெட்கப்படுவாள். இத்தனை வருடத் தொழிலில் கெடு தாண்டி நான் தாக்கல் செய்த வழக்கு ஒன்றே ஒன்றுதான். அது என் சொந்த ஊரின் வழக்கு.

போன செவ்வாய்க்கிழமை என் அண்ணன் மகள் நந்தினியிடம் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஆதிகேசவன். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஒரு குப்பத்தில் பிறந்தவன். எங்கள் குப்பத்தில் கறுப்புக் கோட்டு போட்ட முதல் ஆள் நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, அதனால் வந்த தொல்லையைச் சொல்கிறேன். ரேஷன் கார்டில் பெயர் மாறி வந்தாலும் எனக்குத்தான் போன், புருஷன் குடித்துவிட்டு அடித்தாலும் எனக்குத்தான் போன். சரி, நான் சொல்வதைக் கேட்பார்களா என்றால் அதுவும் இல்லை. ஒரே விஷயத்தைப் பத்து பேருக்குப் பத்து முறை விளக்கி, கடைசியில் அவர்கள் முதலில் நினைத்தபடியே செய்வார்கள்.

2014இல் ஒரு கம்பெனி கடலிலிருந்து குழாய் கொண்டுபோக எங்கள் ஊரின் பொது நிலத்தைக் கேட்டது. ஊர் கொடுத்தது. அதற்குப் பதிலாக, ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தை ஆழப்படுத்தி, இரண்டு பக்கமும் கல் கொட்டித் தருவதாகக் கம்பெனி எழுதிக்கொடுத்தது. 2018 ஜூன் முடிவுக்குள் வேலை முடிய வேண்டும். எங்களுக்கு முகத்துவாரம்தான் வாசற்படி. அது மணல் மேடிட்டால் படகு தரை தட்டும். தரை தட்டிய படகை அடுத்த அலை புரட்டிவிடும். எங்கள் ஊரில் இது குழந்தைக்கும் தெரியும்.

குழாயைப் பதித்து முடித்த கையோடு, அடுத்த வருடமே கம்பெனி கடிதம் அனுப்பியது. முகத்துவார வேலையைச் செய்ய முடியாதாம். செய்ய வேண்டிய நாளுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது.

இப்படி ஒருவன் நாள் வருவதற்கு முன்பே கையை விரித்துவிட்டால், சட்டத்தில் இரண்டு வழி உண்டு. பேசாமல் குறித்த நாள்வரை காத்திருக்கலாம். அப்போது மீறல் அந்த நாளில்தான் நடந்ததாகக் கணக்கு, வழக்குப் போட அங்கிருந்து மூன்று வருடம். இல்லையென்றால், ‘சரி, நமக்குள் ஒப்பந்தம் முடிந்தது, நஷ்டஈட்டைக் கொடு’ என்று உடனே பதில் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் ஒப்பந்தம் அன்றே செத்துப்போகும். மூன்று வருடமும் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

ஊர்க் கூட்டத்தில் இரண்டு வழியையும் விளக்கினேன். ஊர்த் தலைவர் முத்து எனக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. அவர் முழுதாகக் கேட்கவே இல்லை.

“மாட்டேன்னு சொன்னவன் கைல இன்னாத்துக்குத் தொங்கினு இருக்கணும்? அறுத்து வுடு தம்பி. நஷ்டத்தக் குடுக்கச் சொல்லு, நாமளே மிஷின் வெச்சு தோண்டிக்கலாம்” என்றார்.

அறுத்துவிட்டேன். 2015 ஜூலை 27ஆம் தேதி பதில் நோட்டீஸ் போயிற்று. பிறகு கம்பெனி ஆள் பேசித் தீர்க்கலாம் என்று இழுத்தான். ஊர் மழைக்காலம், இறால் காலம் என்று இழுத்தது. அப்போது என் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை. அது முக்கியம். தயவுசெய்து அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி எங்கள் ஊரின் பாடு முறையைச் சொல்லியாக வேண்டும். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சிலதான். அங்கே யார் என்றைக்கு வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கும். அதைத்தான் பாடு என்கிறோம். முறை நாள் வருவதற்கு முன்னால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. வந்த நாளைத் தவறவிட்டால் அதற்குப் பிறகும் திறக்கக் கூடாது. காய்ச்சலாக இருந்தாலும், வீட்டில் சாவு விழுந்தாலும், தவறிய பாடு தவறியதுதான். இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிப்போனதால், எதையும் குறித்த நாளிலிருந்து மட்டுமே எண்ணுவார்கள். நோட்டீஸ் போன அன்றே கணக்குத் தொடங்கிவிட்டது என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. 2018 வந்தால்தானே பேச்சு என்று வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

2016 டிசம்பரில் என் நைனா தேசப்பனுக்கு நெஞ்சு அடைத்தது. சென்னையில் ஆபரேஷன். அவருடைய பாடு அந்த வாரத்தில் வந்தது. முத்து அண்ணனிடம் போய், ஒரு சுற்று தள்ளிக் கொடுங்கள், பிழைத்து வந்து போடட்டும் என்று கேட்டேன். அவர் அப்போது வலையை நட்டு நிறுத்தும் மரக் கழிகளைச் சீவிக்கொண்டிருந்தார்.

“தம்பி, ஒங்க நைனாவுக்குன்னு மாத்துனா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். மொற தவறுனா தவறினதுதாம்பா. ஒனுக்குத் தெரியாதா, நீ சட்டம் படிச்சவன்” என்றார்.

நைனா வீட்டுக்கு வந்து நாற்பது நாள் இருந்தார். தினமும் ஏரிப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, நம்ம பாடு எப்போ என்று கேட்பார். அடுத்த வாரம் நைனா, அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தக் கேள்வியோடே போய்ச் சேர்ந்தார். எடுத்துப் போகும்போது முத்து அண்ணன்தான் முன்னால் தோள் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் கோபப்படவில்லை. விதி என்றால் விதிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் கட்சி.

2018 ஜூலை முதல் வாரத்தில் அவர்கள் என் ஆபீசுக்கு வந்தார்கள். முத்து அண்ணன், அவர் மகன் ரஞ்சித், மீன் விற்கும் நாகம்மாள், இன்னும் சிலர். எல்லோரும் வெள்ளை வேட்டி, நல்ல புடவை. பாடு நாள் வந்துவிட்டது என்கிற முகம். கெடு முடிய மூன்று வாரம் பாக்கி இருந்தது. மனு என் மேஜை டிராயரில் தயாராகவே இருந்தது. கையெழுத்து வாங்கி, நடந்து போய்த் தாக்கல் செய்தால் முடிந்தது. கோர்ட் எதிர்ச்சாரியில்தான்.

“இன்னா தம்பி, அவன் சொன்ன நாளு தாண்டிப்போச்சு. இப்பவே கேஸ் போட்டுடலாமா, டைம் கீதா?” என்று முத்து அண்ணன் கேட்டார்.

“நெறைய கீதுண்ணே. ஆடி பொறக்கப்போவுது, ஆடில எதுக்கு நல்ல காரியம் ஆரம்பிச்சுக்கினு? ஆடி முடியட்டும்” என்றேன்.

ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. ஆடியில் எங்கள் ஊரில் புதுப் படகைக்கூடத் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். “நீ சொன்னா சரிதான் நைனா” என்று நாகம்மாள் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். வாழ்நாளில் முதல் முறையாக நான் சொன்னதை ஊர் அப்படியே கேட்டது.

ஜூலை 27 வெள்ளிக்கிழமை, கெடுவின் கடைசி நாள். அன்று எனக்குக் கோர்ட்டில் இரண்டு வாய்தா. மத்தியானம் வீட்டிலிருந்து கொண்டுபோன எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டேன். சாயங்காலம் தாக்கல் பிரிவு ஜன்னலைச் சாத்தினார்கள். டீ குடித்துவிட்டு வந்தேன். அன்று நான் செய்தது இவ்வளவுதான். நான் ஒன்றுமே செய்யவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆடி முடிந்து, ஆவணியில் நல்ல நாள் பார்த்து வழக்கைத் தாக்கல் செய்தேன். ஒன்றரை மணி நேரம் வாதாடினேன். அதில் நான் குறை வைக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் 2015 நோட்டீஸை எடுத்துக் காட்டினார். ஒப்பந்தம் முடிந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், காலம் அன்றே தொடங்கிவிட்டது என்று நீதிபதி சொன்னார். காலம் கடந்த வழக்கு, தள்ளுபடி. சட்டப்படி சரியான தீர்ப்பு. தவறிய முறை தவறியதுதான். இதற்காக யாரிடமும் நான் ஒரு பைசா வாங்கவில்லை. கம்பெனிக்காரர்களுக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது, ஏதோ அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான். முத்து அண்ணன் வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பார், தேசப்பனின் பாடு தவறியபோது நாம் சொன்ன வார்த்தைதானே நமக்குத் திரும்பி வந்திருக்கிறது என்று அவருக்கு உறைக்கும் என்று நினைத்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? நீதிபதியைத் திட்டினார். அப்புறம் கம்பெனியைத் திட்டினார். “பாவம், நீ இன்னா பண்ணுவ” என்று என் முதுகைத் தட்டிவிட்டு பஸ் ஏறினார். இவர்களுக்கு எதைத்தான் புரியவைப்பது?

2019 நவம்பரில் ரஞ்சித்தின் படகு முகத்துவாரத்தில் தரை தட்டியது. மற்ற மூன்று பேர் நீந்திக் கரையேறினார்கள். ரஞ்சித் மூன்றாம் நாள் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒதுங்கினான். அவனைத் தூக்கி வளர்த்தவன் நான், சித்தப்பா சித்தப்பா என்று என் பைக்கின் டாங்க் மேல் உட்கார்ந்து வந்தவன். போலீஸ், போஸ்ட்மார்ட்டம், நிவாரணம் எல்லாவற்றுக்கும் நான்தான் அலைந்தேன். “அன்னிக்கு அந்த ஜட்ஜு ஒத்துக்கினு இருந்தா மொகத்துவாரத்த தோண்டி இருப்போம், எம்புள்ள உசுரோட இருந்திருப்பான்” என்று முத்து அண்ணன் என் தோளில் சாய்ந்து அழுதார். அவர் கணக்கு சரிதான், ஆளைத்தான் மாற்றிச் சொன்னார். நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை. ஆனால் கடலுக்கு நான் பொறுப்பாக முடியுமா? மணல் மேடிட்டது மணல் செய்த வேலை.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு இறால் காலத்திலும் முத்து அண்ணன் முதல் இறாலை எனக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார். என் எரிச்சலை யாரிடம் சொல்வது? தண்டனை கொடுத்தவனையே தெரியாமல் ஒரு ஊர் தண்டனை அனுபவித்தால் அதற்கு என்ன அர்த்தம்?

அதனால்தான் போன செவ்வாய்க்கிழமை நந்தினி வந்தபோது சொன்னேன். முத்து அண்ணனின் மகள். அவளும் சட்டம் படித்து, இரண்டு வருடமாகப் பொன்னேரியில் இன்னொருவரிடம் ஜூனியராக இருக்கிறாள். பழைய வழக்குக் கட்டைப் பார்க்க வேண்டும், அப்பீலுக்கு வழி இருக்கிறதா பார்க்கிறேன் என்று கேட்டாள். வழி இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். உட்காரவைத்து, நைனாவின் தவறிய பாட்டு முறையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பயப்பட எனக்கு ஒன்றும் இல்லை. ரஞ்சித் இறந்த நாளிலிருந்து எண்ணினாலும், கொரோனாக் காலத்தை உச்ச நீதிமன்றம் கழித்துக் கொடுத்த சலுகையைச் சேர்த்தாலும், என் மேல் வழக்குப் போடும் கெடு போன மாதத்தோடு முடிந்துவிட்டது. அதையும் அவளிடம் மறைக்காமல் சொன்னேன்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. இரண்டே கேள்வி கேட்டாள்.

“எங்க நைனா வாயத் தொறந்து கேட்டப்போ, டைம் நெறைய கீதுன்னு சொன்னது நீங்கதானே சித்தப்பா?”

“நான்தான். ஆடி முடியட்டும்னு சொன்னேன்.”

“கெடு தெரிஞ்சேதானே சொன்னீங்க?”

“தெரிஞ்சுதான்.”

எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“எங்களுக்கு இன்னைக்குத்தானே தெரியுது, சார்” என்றாள்.

அவள் படியிறங்கிப் போன பிறகுதான் எனக்குக் காலவரையறைச் சட்டத்தின் பதினேழாவது பிரிவு ஞாபகம் வந்தது. ஒருவன் ஏமாற்றி மறைத்திருந்தால், ஏமாந்தவனுக்கு அது தெரியவரும் நாளிலிருந்துதான் காலம் ஓடத் தொடங்கும். அந்தப் பிரிவு எனக்கு மனப்பாடம். எத்தனையோ வழக்குகளில் அதை வைத்து வாதாடி ஜெயித்திருக்கிறேன். ஆனால் அது ஏமாற்றுக்காரர்களுக்கான பிரிவு என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.