கேட்டில் நின்ற லாரி

பல்லடம் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர், சின்ன பனியன் கம்பெனி வைத்திருப்பவர், பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "கம்ப்யூட்டர் எம்பட பேரைச் சொல்லிப்போட்டுதுங்க."

"என்னன்னுங்க?"

"கப்பலுக்குச் சரக்கு லேட்டாப் போனா ஏற்றுமதிக் கம்பெனிக்காரங்க அபராதம் போடுவாங்கல்லங்க. முன்னெல்லாம் சாயப்பட்டறை மச்சான் தலையில கட்டிருவேன். இப்ப லாரி எங்க நின்னுச்சுன்னு அவங்க கம்ப்யூட்டரே பாத்து, நிறுத்துனவங்க கணக்குல போட்டுருதுங்க."

"எங்க நின்னுச்சாம்?"

"எங்க கேட்டுலதானுங்க. மச்சான் பட்டறையிலிருந்து துணியோட வந்த லாரியை, ராகு காலம் போகட்டும்னு நாந்தான் நிறுத்தி வெச்சேன்."

"மச்சானுக்குத் தெரியுமுங்களா?"

"அவருக்கும் மெசேஜ் போயிருச்சுங்க. திட்டுவார்னு பாத்தேன். 'அடுத்த தடவை ராகு காலத்துக்கு முந்தியே துணியைக் குடுத்தர்றனுங்க மாப்ள'ன்னார்."

அருள்புரத்தில் மச்சானின் பட்டறை வந்தது. அவரைப் பார்க்க இறங்க எழுந்த பனியன் கம்பெனிக்காரர், மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.