பதில் எழுத வராத வரி

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதனால்தான் இந்த வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து தர அனுமதி கேட்டேன். கையால்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள். புரியாத இடத்தில் கேளுங்கள், படித்துக் காட்டுகிறேன். அடுத்தவருக்குக் கடிதம் படித்துக் காட்டுவதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.

என் பெயர் குணாளன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஒரு கம்பெனியில் வேலை. சேரும்போது கேட்டில் லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன். அதிலும் தப்பு விடுவேன். தேறுகிற வழி தேடி, புதுவாயலில் செல்போன் கடை மாடியில் நடக்கும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஆங்கிலத்தில் வணிகக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அன்று படித்ததை டைரியில் எழுதுவேன். கீழே என் தவறுகளையும் எழுதுவேன். இடம் போதாமல் போவது எப்போதும் கீழேதான்.

பாடம் எடுத்த மெர்சி மிஸ் அடிக்கடி ஒன்று சொல்வார். "எழுதறதுக்கு முன்னாடி, படிக்கப்போறவர் நாற்காலியில போய் உக்காந்து பாருங்க. அவர் என்ன கேப்பார்னு யோசிங்க." மற்றவர்கள் இதைக் குறித்துக்கொண்டதோடு விட்டார்கள். நான் எதையும் முறைப்படி செய்கிறவன். போய் உட்கார்ந்தேவிட்டேன்.

எங்கள் ஊர் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிறது. மதிலை ஒட்டி வரும் கால்வாய் முதலில் பாய்வது கலியன் சித்தப்பாவின் நெல் வயலில். என் அப்பாவின் தம்பி அவர். கால்வாய்க் கரையில்தான் எங்கள் தெருவுக்கான குடிநீர்க் கைப்பம்பும். போன ஆவணியில் சித்தப்பாவின் ஆடுகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. கம்பெனித் தண்ணீர்தான் காரணம் என்று ஊரே பேசியது.

"திருவள்ளூர் போயி கலெக்டராண்ட மனு குட்த்துடலாம்டா" என்றார் சித்தப்பா.

"மொதல்ல கம்பெனிக்கு எழுதணும் சித்தப்பா. அதான் மொறை. இங்கிலீஷ்ல எழுதினாத்தான் மதிப்பான்."

"அப்ப நீயே எய்து. ஆனா அங்கதான வேல செய்யற? பேஜாராயிடப் போவுது."

"கையெழுத்து உங்களுது. எனக்கு இன்னா?"

எழுதினேன். தட்டச்சு செய்து வகுப்பிலும் காட்டினேன். மெர்சி மிஸ் சுமாரான மார்க்தான் போட்டார். "குறை சொல்றே, சரி. ஆதாரம் எங்கே? நேர்ல பார்த்தது ஏதாவது இருந்தா ஒரு வரி சேரு" என்றார்.

நேரில் பார்த்தது இருந்தது. மழை பிடித்தால் கழிவுத் தொட்டியின் வால்வைக் கால்வாய்ப் பக்கம் திறந்துவிடுவார்கள். மழைத் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். திறக்கிறவர் நனையாமல் இருக்க நானே குடை பிடித்திருக்கிறேன். அந்த வரியை நான் சேர்க்கவில்லை.

கடிதம் வந்து சேர்ந்த அன்று மேலாளர் ஆதிநாராயணன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீசைச் சுற்றிச் சுற்றி நடந்தார். இதற்கு இங்கிலீஷில் பதில் எழுத யாருக்குத் தெரியும் என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். வகுப்பில்கூட நான் அப்படித் தூக்கியதில்லை.

பதில் எழுதுவது சுலபமாக இருந்தது. எதிர்த்தரப்பின் பலவீனம் எங்கே என்று எனக்குத் தெரியும். உங்கள் அக்கறைக்கு நன்றி என்று தொடங்கி, கால்நடை மருத்துவரின் அறிக்கை இருந்தால் அனுப்பி உதவுங்கள் என்று முடித்தேன். மெர்சி மிஸ் அதை வகுப்புக்கே படித்துக் காட்டினார். பிறந்ததிலிருந்து எதையும் நான் இவ்வளவு நன்றாகச் செய்ததில்லை. அடுத்த வாரம் எனக்கு ஆபீசுக்குள்ளேயே மேசை போட்டார்கள், மின்விசிறிக்குக் கீழே.

சித்தப்பா கம்பெனியின் பதிலை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தார். தமிழில் சொன்னேன்.

"மருவாதியாத்தான் எய்திக்கிறான்" என்றார். "பாத்தியா, நீ எய்தினதாலதான் அவன் பதிலு போடறான்."

இப்படியே புரட்டாசியும் ஐப்பசியும் போயின. ஊருக்காகக் கேட்பேன். கம்பெனிக்காக மறுப்பேன். நான் கேட்ட கேள்விக்கு நானே திணறிப்போய், இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் சுற்றியதும் உண்டு. ஒரு நாள் ஆதிநாராயணன் என் தோளில் கை போட்டு, "நைனா, அந்த ஊர்ல எவனோ வெவரமானவன் எய்திக் குடுக்கறான். யாருன்னு கண்டுபுடி, நம்ம கம்பெனிக்கே இழுத்துக்கலாம்" என்றார். அன்று டைரியில் தவறுகள் பகுதியைக் காலியாக விட்டேன்.

நான் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய மழை தொடங்கியதுமே எங்கள் வீட்டுக்குக் கேன் தண்ணீர் போடச் சொல்லிவிட்டேன். சித்தப்பா கேட்டபோது, அம்மாவுக்கு மூட்டு வலி, பம்பு அடிக்க முடியவில்லை என்றேன்.

சித்தப்பாவின் மகள் அஸ்வினி ஒன்றாம் வகுப்பு படித்தாள். வயிறு வலிக்கிறது என்று அழுவாள். பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுவாள். ஊரின் அடுத்த கடிதத்தில் அதையும் எழுதினேன். கம்பெனியின் பதிலில், குழந்தைக்கு வயிற்றுப் பூச்சி மருந்து கொடுத்துப் பார்க்கலாமே என்று பணிவாகப் பரிந்துரைத்தேன். சித்தப்பா கொடுத்தும் பார்த்தார்.

கார்த்திகைக் கடைசியில் அவளுக்கு வலிப்பு வந்தது. சென்னைக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் ஈயம் என்றார்கள். உயிரோடு திரும்பி வரவில்லை.

ஆதிநாராயணன் ஓர் அனுதாபக் கடிதம் கேட்டார், பழி எதுவும் நம் தலையில் விழாத மாதிரி. இறந்தவரைப் பற்றித் தனிப்பட்ட ஒரு விஷயம் சேர்த்தால் மனசைத் தொடும் என்று மெர்சி மிஸ் சொல்லியிருந்தார். சேர்த்தேன். வழக்கம்போல் சித்தப்பா அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வழக்கம்போல் தமிழில் சொன்னேன். 'எப்போதும் சிரித்த முகமாக இருந்த உங்கள் அம்மு' என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தினார்.

"பாப்பா பேரு அஸ்வினி. அம்முன்றது நம்ம ஊட்ல கூப்புடறது. கம்பெனிக்காரனுக்கு யார்றா சொன்னது?"

நான் கடிதத்தை மடித்தேன்.

"இத்தினி நாளா எனக்கு எவன்டா பதில் எய்தினது?"

சித்தப்பாவின் பார்வை மூலையில் இருந்த தண்ணீர் கேனுக்குப் போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

அவர் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்கு வந்து உங்களிடம் கொடுத்த மனுவை எனக்குக் காட்டினீர்கள். கோடு போட்ட நோட்டுத் தாள். தேதி இல்லை, பொருள் இல்லை, வணக்கம்கூட இல்லை. 'எம் பொண்ணு அந்த தண்ணிய குடிச்சி செத்துடுச்சி. வந்து பாருங்க.' அவ்வளவுதான். மெர்சி மிஸ் வகுப்பில் இது தேறாது. ஆனால் நீங்கள் மறுநாளே, கொட்டுகிற மழையில், வால்வு திறந்திருக்கும்போதே வந்து நின்றீர்கள். இது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வால்வைப் பற்றித் தெரிந்தும் ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். வேலை போய்விடும் என்ற பயம் என்று நீங்களே குறித்தும் கொண்டீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அந்த வரியை எழுதியிருந்தால் கம்பெனி தரப்பில் எனக்குப் பதில் எழுத வந்திருக்காது. அதோடு கடிதமும் நின்றுபோயிருக்கும். மறுபடி நான் லாரி நம்பர் தப்பாக எழுதுகிறவன் ஆகியிருப்பேன். அதற்காக அந்தக் குழந்தையை அந்தத் தண்ணீரைக் குடிக்க விட்டேன். அவளைக் கொன்றது நான்தான். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கடிதத்தில் அந்த வரியைப் போட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். அதற்கு ஒரு நல்ல பதில் எனக்குத் தோன்றட்டும் என்றுதான் காத்திருந்தேன்.